என்கேஜ்மென்ட் மோதிரத்துக்குப் பச்சைக்கல்: மரகதமே எடுக்கலாமா, வேற எதாவது பாக்கலாமா?

விரல்நுனி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சிட்டிருந்தேன், இப்பதான் மொத தடவையா எழுதுறேன். இன்னும் அஞ்சு மாசத்துல எங்களுக்கு நிச்சயம். மோதிரத்துல வைரம் வேணாம், பச்சைக்கல்தான் வேணும்னு அவங்க தெளிவா சொல்லிட்டாங்க. எந்த மாதிரி பச்சைன்னு கேட்டேன், மழை விட்டப்புறம் ஜன்னலுக்கு வெளிய ஒரு இலை மேல பின்பக்கமா வெயில் விழுந்துச்சு பாருங்க, அதைக் காட்டி இதுதான்னாங்க. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஆனா ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் ஒவ்வொரு பச்சையா தெரியுது, அதனால அதை இங்க போட்டு பிரயோஜனம் இல்ல.

பச்சைன்னாலே எனக்குத் தெரிஞ்சது மரகதம் மட்டும்தான். ஒரு வாரமா படிச்சதுல மரகதம் உடையும், எண்ணெய் போட்டிருப்பாங்க, தினமும் போடக்கூடாதுன்னு பாதிப் பேர் சொல்றாங்க, மீதிப் பேர் அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்றாங்க. இன்னொரு விஷயம், அவங்க ஐசியூ நர்ஸ். ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை கை கழுவுறாங்கன்னு அவங்களுக்கே கணக்கு கிடையாது, கூடவே சானிடைசர், கிளவுஸ் வேற. நிச்சயத்தன்னைக்கு போட்டு போட்டோ எடுத்துட்டு பீரோவுல வைக்கிற மோதிரமா இது ஆயிடக்கூடாது, அவங்க வருஷக்கணக்கா போடணும். என்ன கல் பாக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


தாழம்பூ:

வாழ்த்துகள் தம்பி! நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், மரகதத்துக்கு ஈடா இன்னொரு பச்சை கிடையாது. மத்த பச்சைக்கல் எல்லாம் மேல இருந்து பளபளன்னு அடிக்கும், மரகதம் மட்டும்தான் உள்ள இருந்து ஒளி விடுற மாதிரி இருக்கும். எங்கிட்ட இருக்கிறது 11 வருஷமா விரல்லயே இருக்கு, ஒண்ணும் ஆகல. விக்டோரியா ராணிக்கு 1839ல ஆல்பர்ட் குடுத்த நிச்சய மோதிரமும் மரகதம்தான், பாம்பு மாதிரி வளைஞ்ச மோதிரம், தலையில மரகதம். ஜாக்குலின் கென்னடி மோதிரத்துலயும் வைரத்துக்குப் பக்கத்துல மரகதம் இருந்துச்சு. இத்தனை பேர் போட்டிருக்காங்களே!


பட்டறைவாசி:

அக்கா உங்க கல்லு நல்லா இருக்குன்றது சந்தோஷம். ஆனா தம்பி கேக்குறது ஐசியூ நர்ஸுக்கு. ராணி கையும் இந்தக் கையும் ஒண்ணு இல்லக்கா.

நான் கல் பதிக்கிற வேலை பாக்குறேன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற பச்சைக்கல் மோதிரத்துல பெரும்பாலும் மரகதம்தான் வருது. அதுக்காக மரகதம் மட்டமான கல்லுன்னு நான் சொல்லல. அது எப்படிப்பட்ட கல்லுன்னு தெரியாமயே வாங்கி, வைரத்தை வச்சுக்கிற மாதிரி வச்சுக்கிறாங்க, பிரச்சினையே அங்கதான்.

கெட்டித்தனம்னு சொல்றதுல ரெண்டு விஷயம் இருக்கு தம்பி, இதை மொதல்ல பிரிச்சு வச்சுக்கோங்க. ஒண்ணு கீறல் விழுறது, இன்னொண்ணு உடையிறது. கீறலைத் தாங்குறதை 1ல இருந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல மரகதம் 7.5ல இருந்து 8 வரைக்கும், கீறல் விஷயத்துல அது மோசமே இல்ல. வீட்டுத் தூசியில மணல் துகள் இருக்கும், அதாவது குவார்ட்ஸ், அது 7. அதுக்கு மேல இருக்கிற கல்லை தூசி கீறாது, கீழ இருக்கிற கல்லு துடைக்கத் துடைக்க மங்கிட்டே போகும். அந்தக் கணக்குல மரகதம் பாஸ். ஆனா உடையிற விஷயம் தனி. மரகதத்துக்குள்ள பொறக்கும்போதே வெடிப்பு இருக்கும், சிலது மேற்பரப்பு வரைக்கும் வந்து நிக்கும். அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாம இருக்கத்தான் எண்ணெயோ ரெசினோ ஏத்துறாங்க. சீடர் மர எண்ணெய்தான் பழைய வழக்கம். இதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது, உலகம் முழுக்க மரகதத்துக்கு இப்படித்தான் செய்றாங்க, வாங்குறவங்ககிட்ட சொல்லிட்டு வித்தா போதும்.

சோப்பு, வெந்நீர், சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால் இது மூணும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்துடும். ஒரே நாள்ல தெரியாது, ஒரு வருஷம் கழிச்சு முன்னாடி இல்லாத வெள்ளை நரம்பு ஒண்ணு கல்லுக்குள்ள தெரியும், கல்லு உடைஞ்சிருச்சுன்னு பதறிட்டு வருவாங்க. கல்லு உடைஞ்சிருக்காது, எண்ணெய் போனதால முதல்ல இருந்தே உள்ள இருந்த வெடிப்பு வெளிய தெரிய ஆரம்பிச்சிருக்கும். திரும்ப எண்ணெய் போடலாம், ஆனா அதைத் தெரிஞ்ச ஆள்தான் செய்யணும்.


மழைக்காலம்:

பட்டறைவாசி அண்ணா சொன்னது எனக்கே நடந்துச்சு, அதான் எழுத வந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் மோதிரத்துல அழுக்கு சேந்திருக்குன்னு ஒரு கடையில க்ளீன் பண்ணக் குடுத்தேன். கவுன்டர்ல இருந்த பையன் என்ன கல்லுன்னு கேக்கவே இல்ல, நானும் சொல்லல, அல்ட்ராசோனிக் மெஷின்ல தண்ணிக்குள்ள போட்டுட்டான். சொய்ங்னு ஒரு சத்தம், மூணு நிமிஷம்கூட இருக்காது. எடுத்துத் துடைச்சு குடுத்தப்போ தங்கம் பளிச்சுன்னு இருந்துச்சு, கல்லைப் பாத்தா நடுவுல கண்ணாடி மேல மூச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளை. ஈரமா இருக்கும்னு நெனச்சு துப்பட்டாவால துடைச்சேன், போகல. மறுபடி துடைச்சேன். அப்பதான் அது கல்லுக்குள்ள இருக்குன்னு புரிஞ்சுது. ஒரு ஓரத்துல இருந்து கிளம்பி நடு வரைக்கும் வந்திருந்துச்சு.

அது என் கணவர் நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் சொல்லாம அழுதேன். அப்புறம் ஒருத்தர் எண்ணெய் ஏத்திக் குடுத்தார், முக்கால்வாசி சரியாச்சு, ஆனா எனக்கு அந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரியும்ல, கண்ணு முதல்ல அங்கதான் போகும். அதனால விரல்நுனி, மரகதம்தான்னு முடிவு பண்ணா அல்ட்ராசோனிக் கூடாது, ஸ்டீம் கூடாது, இதை அவங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, க்ளீன் பண்ணக் குடுக்கப் போறது யாரா வேணா இருக்கலாம்.


விரல்நுனி:

மழைக்காலம் அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. நல்லவேளை எழுதினீங்க, இல்லன்னா நானும் அதைத்தான் பண்ணிருப்பேன். பட்டறைவாசி அண்ணா, அப்போ மரகதத்தை விட்டுட்டா அடுத்து என்ன பாக்குறது?


நீலச்சிறகு:

க்ரீன் சஃபையர் பாருங்க ப்ரோ. வேற யோசனையே வேணாம். கடினம் 9, வைரத்துக்கு அடுத்த வரிசை. சஃபையர்னா நீலம் மட்டும்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க, குருந்தம்ங்கிற ஒரே கனிமம்தான், சிவப்பா இருந்தா மாணிக்கம், மத்த எந்த கலரா இருந்தாலும் சஃபையர்னுதான் பேரு. பச்சை வர்றது இரும்பால. ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், அமெரிக்காவுல மொன்டானா, இங்கெல்லாம் இருந்து வருது. என் மனைவி டீல் கலர்ல போட்டிருக்காங்க, அதாவது மயில்கழுத்து மாதிரி, பச்சையும் நீலமும் கலந்து. அவங்க வேலை செராமிக் ஸ்டூடியோவுல, நாள் பூரா களிமண்ணு கையிலயே இருக்கும், ஆறு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. வெந்நீர், சோப்பு, சானிடைசர் எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது.


லூப்புக்காரன்:

நீலச்சிறகு சொல்றது உறுதி விஷயத்துல முழுக்க சரி. ஆனா விரல்நுனி சொன்ன அந்த இலை, பின்னாடி வெயில் பட்ட இலை, அது க்ரீன் சஃபையர்ல வர்றது கஷ்டம்ங்க. பெரும்பாலும் பாட்டில் பச்சை, பாசிப் பச்சை, இல்லன்னா சாம்பல் ஓடின பச்சை. பகல் வெளிச்சத்துல அழகா இருக்கும், சாயந்திரம் மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கு வந்தா நிறைய கல் கறுத்துப் போயிடும். இன்னொண்ணு, சஃபையரை ஒரு பக்கமா பாத்தா நீலம் ஓடும், இன்னொரு பக்கமா பாத்தா மஞ்சள் ஓடும், பட்டை தீட்டுறவர் எந்தத் திசையில வச்சு வெட்டுறார்ங்கிறதைப் பொறுத்து கலரே மாறிடும். நல்லது இல்லவே இல்லன்னு சொல்லல, தேடணும்.

நான் சொல்றது சாவொரைட். இது கார்னெட் வகை. கார்னெட்னா சிவப்புன்னுதான் நெனப்போம், ஆனா இது கிராசுலர்ங்கிற வகை, வனேடியமும் குரோமியமும் சேந்து பச்சை குடுக்குது, மரகதத்துக்கு பச்சை குடுக்கிறதும் இந்த ரெண்டுதான். 1967ல கேம்ப்பெல் பிரிட்ஜஸ்ங்கிற புவியியலாளர் தான்சானியாவுல கண்டுபிடிச்சார், அப்புறம் கென்யாவுலயும் கிடைச்சுது, அங்க இருக்கிற சாவோ தேசியப் பூங்கா பேரைத்தான் 1974ல டிஃபனி கம்பெனி கல்லுக்கு வச்சு அறிமுகப்படுத்துச்சு. ராணி மாளிகை கதையெல்லாம் இதுக்குக் கிடையாது, புதுக்கல்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா இதுக்கு எண்ணெய் கிடையாது, சூடேத்துறது கிடையாது, பூமியில இருந்து எப்படி வந்துச்சோ அதை வெட்டி பாலிஷ் போட்டதோட சரி. ஒளிவிலகல் எண் 1.74 கிட்ட, மரகதத்துக்கு 1.58 கிட்டதான். அதனால சின்னக் கல்லா இருந்தாலும் துடிப்பா மின்னும். பெருசா கிடைக்காது, 2 காரட் தாண்டினாலே அபூர்வம். மோதிரத்துக்கு 1 காரட் போதுமேன்னு நெனச்சீங்கன்னா அது ஒரு குறையே இல்ல.


நீலச்சிறகு:

சாவொரைட் 7ல இருந்து 7.5 தான லூப்புக்காரன்? தூசி 7னு பட்டறைவாசி சொன்னாரே, அப்போ அது விளிம்புலதான நிக்குது? பத்து வருஷம் தினமும் போட்டா பட்டையோட முனை எல்லாம் தேஞ்சு மழுங்கிடாதா? என்கேஜ்மென்ட் மோதிரம்னா ஆயுசுக்கும் போடுறது ப்ரோ, 9 இருக்கும்போது எதுக்கு 7.5?


லூப்புக்காரன்:

கேள்வி சரிதான். மழுப்ப விரும்பல, சஃபையர் அளவுக்கு இது தாங்காது. கவனமே இல்லாம போட்டா பத்து பதினஞ்சு வருஷத்துல முனைகள் கொஞ்சம் மழுங்கலாம், மறுபடி பாலிஷ் போட்டா சரியாகும். ஆனா சாவொரைட்ல பிளவுத்தளம் கிடையாது, அதாவது ஒரு தட்டு தட்டினா நேர்கோட்டுல பிளந்துக்கிற குணம் இல்ல. மரகதத்துல இருக்கிற மாதிரி உள்வெடிப்பும் பொதுவா கம்மி. சானிடைசருக்கு எந்த பயமும் இல்ல, ஏன்னா வெளிய வர உள்ள எதுவும் ஏத்தி வைக்கல. நர்ஸ் கைக்கு தினசரி ஆபத்து கீறலா, கெமிக்கலானு யோசிச்சா கெமிக்கல்தான். செராமிக் வேலைன்னா நானே சஃபையர்தான் சொல்லிருப்பேன், களிமண்ணுல குவார்ட்ஸ் நிறைய.


பட்டறைவாசி:

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் குறுக்க ஒண்ணு சொல்றேன், கல்லைவிட கல்லை எப்படிக் கட்டுறோம்ங்கிறது பாதி ஆயுசு. நர்ஸ்னா உயரமா தூக்கி நிக்கிற ப்ராங், அதாவது கல்லைப் பிடிச்சுக்கிற தங்க நகம், வேணவே வேணாம். அந்த நகம் கிளவுஸைக் கிழிக்கும், போர்வையில மாட்டும், மாட்டி மாட்டி ஒரு நாள் நகம் விரிஞ்சா கல்லு எங்க விழுந்துச்சுன்னே தெரியாது. பெசல் செட்டிங் போடச் சொல்லுங்க, அதாவது கல்லைச் சுத்தி தங்கம் முழு வட்டமா ஒரு கரை மாதிரி ஏறி பிடிச்சுக்கும், விரலோட படிஞ்சு தாழ்வா இருக்கும். முனைதான் முதல்ல அடி வாங்குற இடம், பெசல்ல முனை முழுக்க தங்கத்துக்குள்ள போயிடும். வெளிச்சம் கொஞ்சம் குறையும்னு சொல்வாங்க, அடியில திறந்து விட்டா பெருசா வித்தியாசம் தெரியாது.

மரகதத்தை மூலை வெட்டின செவ்வகமா வெட்டுறாங்க பாருங்க, அதுக்கு எமரால்டு கட்னே பேரு, அதுவும் அழகுக்காக மட்டும் இல்ல, கூர் மூலை இருந்தா கட்டும்போதே உடையும்.


கணக்குப்புள்ள:

நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறவன். லேப்ல வளத்த மரகதம் பத்தி யாரும் பேசலையே? கரோல் சாத்தம் 1930கள்லயே வளத்துட்டார், புது விஷயம் இல்ல. இயற்கை மரகதத்துல இருக்கிற அதே பெரில்ங்கிற கனிமம், அதே குரோமியம், அதே கடினம். உள்வெடிப்பு ரொம்ப கம்மிங்கிறதால பொதுவா எண்ணெய் தேவைப்படாது, அப்போ சானிடைசர் பிரச்சினையும் இல்ல, தாழம்பூ அக்கா சொன்ன அந்த மரகதப் பச்சையும் கிடைக்கும். செலவும் இயற்கைக் கல்லைவிட ரொம்ப கம்மி. நிச்சயத்துக்குக் கடன் வாங்கி கல் வாங்குறதுல எனக்கு உடன்பாடே கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை, பேரைப் பாத்து ஏமாறாதீங்க. ஹைட்ரோதெர்மல் மரகதம்னா லேப்ல வளத்த நிஜ மரகதம். ஹைட்ரோ குவார்ட்ஸ்னு பச்சையா விப்பாங்க, அது கண்ணாடி. ஹைட்ரோன்ற ஒரு வார்த்தையை வச்சே நிறைய பேரை குழப்பிடுறாங்க.


தாழம்பூ:

லேப் கல்லு எனக்கு ஒப்பல தம்பி, தப்புன்னு சொல்ல வரல, மனசுக்கு ஒப்பல. என் கல்லுக்குள்ள பாசி படர்ந்த மாதிரி இருக்கும், பிரெஞ்சுல அதை ழார்தான்னு சொல்வாங்களாம், தோட்டம்னு அர்த்தம். அது மாதிரி இன்னொரு கல்லு உலகத்துல இருக்காது. ஆனா அந்தப் பொண்ணு போடப் போறது, அவ என்ன நெனக்கிறாங்கிறதுதான் முக்கியம், என் மனசு இல்ல.


மழைக்காலம்:

பெரிடாட் எப்படி? கிளிப்பச்சையா இருக்கும், வெயில் பட்ட இலைக்கு அதுதான் எனக்கு கிட்ட வர்ற மாதிரி தோணுது. என் தங்கச்சி கம்மல்ல போட்டிருக்கா.


லூப்புக்காரன்:

கலர் பொருந்தும்க்கா, அதுல சந்தேகமே இல்ல. கம்மலுக்கு, டாலருக்கு அருமையான கல். தினசரி மோதிரத்துக்கு வேணாம்பேன், 6.5ல இருந்து 7 தான், தூசிக்கே தோத்துடும், அமிலம் பட்டாலும் பாதிக்கும், திடீர் சூடும் ஆகாது. ஒரு அழகான விஷயம் சொல்றேன், பெரிடாட்டை லூப்ல, அதாவது நகைக்காரங்க வச்சிருக்கிற பூதக்கண்ணாடியில, மேல இருந்து பாத்தீங்கன்னா பின்பக்கத்து பட்டைக் கோடுகள் ரெண்டு ரெண்டா தெரியும், வெளிச்சத்தை ரெண்டா பிரிக்கிற குணம் அதுக்கு அவ்வளவு ஜாஸ்தி. பச்சைக் கண்ணாடியை பெரிடாட்னு குடுத்தா இதை வச்சே கண்டுபிடிச்சிடலாம், கண்ணாடியில கோடு ஒத்தையாதான் தெரியும்.

டிமான்டாய்டுன்னு இன்னொரு பச்சை கார்னெட் இருக்கு, ரஷ்யாவுல யூரல் மலையில கிடைச்சது, வைரத்தைவிட ஜாஸ்தியா வானவில் சிதறும், வைரத்துக்கு அந்த அளவு 0.044, இதுக்கு 0.057. பாத்தா விடவே மனசு வராது, ஆனா இதுவும் 6.5ல இருந்து 7 தான். குரோம் டயாப்சைடு அதைவிட மெது, மலக்கைட் கேக்கவே வேணாம்.


நீலச்சிறகு:

ஜேட்? அது உடையவே உடையாதுன்னு சொல்வாங்களே.


பட்டறைவாசி:

உடையிறதுக்கு ஜேட்டை மிஞ்ச ஆளே இல்ல, நெய்த துணி மாதிரி உள்ள நார் நாரா பின்னியிருக்கும், அதனால மோஸ்ல 6, 7னு இருந்தாலும் அடி தாங்கும். ஆனா பட்டை தீட்டி மின்ன வைக்கிற கல் இல்ல, உருண்டையா வழவழன்னு இருக்கும். வெயில் ஊடுருவுற இலை கேட்டிருக்காங்க. இம்பீரியல் ஜேட்ங்கிற உசத்தி ரகத்துல அந்த ஒளி கிடைக்கும், அது நம்ம கைக்கு எட்டுற கதை இல்ல. சாயம் ஏத்தினது, ஆசிட்ல ஊற வச்சு ரெசின் ஏத்தினது மார்க்கெட்ல நிறைய, சர்டிஃபிகேட் இல்லாம தொடாதீங்க.


தாழம்பூ:

தம்பி எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் அவ டியூட்டில மோதிரம் போடுவான்னு வச்சே பேசிட்டிருக்கோம். ஐசியூல கல் வச்ச மோதிரம் போட விடுவாங்களா? என் அக்கா பொண்ணு ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்குறா, கையில ஒண்ணும் போடக்கூடாதாம், கல்லுக்கு அடியில கிருமி தங்கும்னு. நீ கேட்டியா?


விரல்நுனி:

அக்கா நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே உறைச்சுது, நான் கேக்கவே இல்ல. நேத்து கேட்டேன். கல் வச்ச மோதிரம் வார்டுக்குள்ள கூடாதாம், வழவழன்னு இருக்கிற வெறும் வளையம்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். "டியூட்டிக்குப் போகும்போது கழட்டி லாக்கர்ல வச்சுட்டு வரும்போது போட்டுக்குவேன்"னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. அப்போ சானிடைசர் பயமே இல்லையா? மறுபடியும் மரகதமா?


பட்டறைவாசி:

பயம் குறைஞ்சது, போகல. டியூட்டி முடிஞ்சு வெளிய வந்தும் கை சானிடைசர் போடுற பழக்கம் நர்ஸுங்களுக்கு விரல்லயே ஊறிப்போனது. ஆனா இப்ப வேற ஒரு ஆபத்து வந்திருக்கு, தினமும் ரெண்டு தடவை கழட்டி மாட்டுறது. மோதிரம் அடி வாங்குறது பெரும்பாலும் விரல்ல இருக்கும்போது இல்ல தம்பி. கழட்டி சிங்க் ஓரத்துல வைக்கும்போது, இரும்பு லாக்கருக்குள்ள சாவியோட தூக்கிப் போடும்போது, பையில இருந்து தரையில விழும்போது. கெட்டியான மூடி வச்ச சின்ன டப்பா ஒண்ணு, உள்ள துணி வச்சது, லாக்கர்லயே நிரந்தரமா இருக்கட்டும். வைரம் வச்ச நகை கூட ஒண்ணா போட வேணாம், வைரம் எதையும் கீறும்.


கணக்குப்புள்ள:

டியூட்டிக்கு ஒரு வெறும் வளையம் தனியா செஞ்சு குடுத்துடுங்களேன், கையும் காலியா இருக்காது.


லூப்புக்காரன்:

நல்ல யோசனை. விரல்நுனி, இனி எழுதி எழுதி பிரயோஜனம் இல்ல, அவங்களைக் கூட்டிட்டுப் போய் கல்லைக் கையில வச்சுப் பாருங்க. போறப்போ சில விஷயம் மனசுல வச்சுக்கோங்க.

கடை விளக்குல முடிவு பண்ணாதீங்க, அந்த ஸ்பாட் லைட்ல எந்தக் கல்லும் துடிக்கும். ஜன்னல் ஓரம் கொண்டு போகக் கேளுங்க, நேர் வெயில் வேணாம், நிழல் வெளிச்சம். அப்புறம் உங்க உடம்பால வெளிச்சத்தை மறைச்சு அந்த நிழல்ல பாருங்க, அப்பவும் பச்சை உயிரோட இருந்தா நல்ல கல். மஞ்சள் பல்பு ஒண்ணு இருந்தா அதுலயும் பாருங்க. விரல் மேல வச்சுப் பாக்கணும், வெள்ளைப் பேப்பர் மேல வச்சா கலர் ஏமாத்தும். நேரா மேல இருந்து பாக்கும்போது நடுவுல ஓட்டை மாதிரி அடியில இருக்கிற விரல் தெரியுதான்னு பாருங்க, ஆழம் கம்மியா வெட்டியிருந்தா அப்படித் தெரியும்.

காரட்டைப் பாக்காதீங்க, மில்லிமீட்டரைப் பாருங்க. மரகதம் எடை கம்மி, அடர்த்தி 2.7 சொச்சம், சாவொரைட் 3.6 கிட்ட, சஃபையர் 4. அதனால ஒரே 1 காரட்டுக்கு மரகதம்தான் பெருசா தெரியும், சஃபையர் சின்னதா தெரியும்.

மரகதம்னா நல்ல லேப் ரிப்போர்ட் இல்லாம வேணாம், எண்ணெய் எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கணும். ஜிஐஏங்கிற அமெரிக்க ரத்தினக்கல் லேப் ரிப்போர்ட்னா எஃப்1, எஃப்2, எஃப்3னு இருக்கும், எஃப்1 கம்மி, எஃப்3 ஜாஸ்தி, எஃப்3 பக்கமே போகாதீங்க. பழைய நகையில பச்சைக்கல் பாத்தீங்கன்னா இன்னொரு சோதனை, கல்லை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு பக்கவாட்டுல பாருங்க. நிறமே இல்லாத ரெண்டு துண்டை பச்சைப் பசையால ஒட்டி மரகதம்னு விப்பாங்க, தண்ணிக்குள்ள மேலயும் கீழயும் வெள்ளையா, நடுவுல மட்டும் பச்சைக் கோடா தெரிஞ்சிடும். ஆனா கல்லுல எண்ணெய் இருக்கலாம்ங்கிறதால கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க.


விரல்நுனி:

எல்லாருக்கும் அப்டேட். போன சனிக்கிழமை போனோம். நைட் ஷிஃப்ட் முடிச்சு நாலு மணி நேரம் தூங்கிட்டு வந்திருந்தாங்க, பாவம் கண்ணு செவந்திருந்துச்சு.

மூணு கல் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு ஜாம்பியா மரகதம், லேசா நீலம் ஓடின பச்சை, எஃப்1 ரிப்போர்ட். ஒரு க்ரீன் சஃபையர். ஒரு சாவொரைட், வட்டம், 6 மில்லிக்கு கொஞ்சம் மேல. கடை விளக்குல மூணும் அழகுதான், எனக்கு சஃபையர் பிடிச்சிருந்துச்சு. ஜன்னல்கிட்ட போனோம், சஃபையர் நல்லாத்தான் இருந்துச்சு. லூப்புக்காரன் அண்ணா சொன்ன மாதிரி நான் முன்னாடி வந்து நின்னு வெளிச்சத்தை மறைச்சேன், சஃபையர் அப்படியே கறுப்பாச்சு, நிஜமாவே சொல்றேன், மை மாதிரி. மரகதம் அடங்கி சாந்தமா இருந்துச்சு. சாவொரைட் மட்டும் ஓரத்துல எங்கயோ இருந்து வந்த வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு பச்சையாவே இருந்துச்சு.

அவங்க மரகதத்தைத்தான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. லூப்ல பாத்து உள்ள பாசி மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, தாழம்பூ அக்கா உங்களைத்தான் நெனச்சேன். சரி மரகதம்தான்னு நான் முடிவே பண்ணிட்டேன். அப்புறம் இதை எப்படி பாத்துக்கணும்னு என்கிட்ட கேட்டாங்க. நான் இங்க படிச்சதெல்லாம் சொன்னேன், சானிடைசர் போட்டா கழட்டணும், வெந்நீர் கூடாது, மெஷின் கூடாது, சில வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பாக்கணும். கேட்டுட்டு மரகதத்தை மெதுவா தட்டுல வச்சாங்க. "நாள் பூரா பேஷண்ட்டைப் பாத்துக்கிறேன், விரல்ல இருக்கிறதாவது என்னைப் பாக்கச் சொல்லாம இருக்கட்டுமே"ன்னாங்க.

சாவொரைட் எடுத்தோம். மஞ்சள் தங்கத்துல, தாழ்வா, பெசல், அடியில திறந்தது. கூட ஒரு வெறும் வளையம். நீலச்சிறகு ப்ரோ, தேயும்னு நீங்க சொன்னதையும் சொன்னேன், பதினஞ்சு வருஷம் கழிச்சு பாலிஷ் போட்டுக்கலாம்னுட்டாங்க.


நீலச்சிறகு:

அவங்க விரல், அவங்க சொல்றதுதான். நான் இப்பவும் நல்ல சஃபையர் தேடியிருந்தா கிடைச்சிருக்கும்னுதான் சொல்வேன், ஆனா கறுத்துப் போற கல்லை எடுக்காம விட்டீங்க பாருங்க, அது ரொம்ப சரி. வாழ்த்துகள் ப்ரோ.


தாழம்பூ:

அந்தப் பொண்ணு சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன் தம்பி. மரகதத்துக்காக இவ்வளவு பேசின நானே சொல்றேன், நீங்க எடுத்ததுதான் சரி. நல்லா இருங்க ரெண்டு பேரும்.


மழைக்காலம்:

வாழ்த்துகள்! க்ளீன் பண்றது எப்படின்னு இதுக்கும் கேட்டு வச்சுக்கோங்க, என்னை மாதிரி ஆயிடக்கூடாது.


பட்டறைவாசி:

வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு லிக்விட் சோப்பு, குழந்தைங்க பல் விளக்குற மெது பிரஷ். மேல தேய்க்கிறதைவிட அடிப்பக்கம் திறந்து விட்டிருக்காங்கல்ல, அந்த வழியா தேய்க்கணும், க்ரீமும் சோப்பும் போய் அடையுறது அங்கதான், கல்லு மங்கினதா தோணுறதுக்கு முக்கால்வாசி காரணமும் அதுதான். ஸ்டீம் இதுக்கும் வேணாம், திடீர் சூடு கார்னெட்டுக்கு ஆகாது. சிங்க்ல கழுவும்போது ஓட்டையை அடைச்சிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பெசல் கரை எங்கயாவது தூக்கியிருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா கொண்டு போய் காட்டுங்க.


விரல்நுனி:

எழுதி வச்சுக்கிட்டேன் அண்ணா. லாக்கருக்கு டப்பாவும் வாங்கிட்டேன், உள்ள துணி வச்சது.